கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உங்கள் அம்மா சொன்ன பதில்

போன மாதம் காது குத்து வீட்டுப் பந்தியில் பாப்பாவுக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்த ஒரு சித்தி, "உங்கம்மா மட்டும் அன்னிக்கு வாயத் தொறக்கலன்னா நம்ம ஊர்ல அடுப்பு எரியாது" என்றாளாம். அதே வரிசையில் இருந்த ஒரு பெரியப்பா, "அட போம்மே, புருஷனும் பொண்டாட்டியும் பேசி வெச்சிக்கினு ஆடுன நாடகம் அது" என்று சிரித்தாராம். பாப்பா பாயசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், "நைனா, இதுல எது நெசம்?" என்று கேட்டாள்.

எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். தம்பிக்கும் சேர்த்துத்தான். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டம் நடந்த அன்று உங்கள் இருவரையும் ஆரம்பாக்கம் அத்தை வீட்டில் விட்டிருந்தோம். அதனால் நீங்கள் கேட்டதெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான்.

உங்கள் அம்மா என் மாமன் மகள். மாமா கரையில் மீன் ஏலம் விடுகிறவர். மகளைப் பொன்னேரியில் கல்லூரியில் போட்டார், பிறகு மெட்ராஸுக்கு அனுப்பி எம்.எஸ்சி. படிக்க வைத்தார். கல்யாணத்தின்போது, பெண் எம்.எஸ்சி., மாப்பிள்ளை எட்டாவதா என்று பலரும் கேட்டார்கள். அவள் தோழி ஒருத்தி அவளிடமே கேட்டாள். "அவரு எட்டாவதுலயே போதும்னு தெரிஞ்சிக்கினாரு. எனக்கு அது தெரிய இவ்ளோ நாளாச்சு" என்று பதில் சொன்னாள் உங்கள் அம்மா. வேலைக்குப் போவேன் என்று மட்டும் முன்பே சொல்லியிருந்தாள். நானும் சரி என்றிருந்தேன்.

எங்கள் ஊருக்குத் தெற்கே கடலோரமாக இருக்கிற கம்பெனியில் சேர்ந்தாள். பெயரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்தக் கம்பெனி கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, இயந்திரங்களின் சூட்டைத் தணித்து, அந்தத் தண்ணீரைச் சூடாக வெளியே விடும். நாங்கள் மீன் பிடிக்கிற ஏரியிலும் அதில் சேருகிற ஓடையிலும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனை செய்வதுதான் அவளுடைய முதல் வேலை. கம்பெனிப் படகு ரிப்பேருக்குப் போனபோது என் படகில் வந்தாள். அவள் கொண்டுவந்த ஐஸ் பெட்டியில் நான் நாலு மீனைப் போடப் பார்த்தேன். "அதுல மீன் வாசனையே படக்கூடாது, எல்லாம் கெட்டுடும்" என்றாள். "உனக்கு மீன் வாசனை படாத எடம் ஒண்ணு கீதா இந்த ஊர்ல?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் பெட்டி வாங்கினேன்" என்றாள்.

அங்கிருந்து அதிகாரி ஆனாள். பிறகு ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவுக்குத் தலைமை. பிறகு அந்தக் கம்பெனிக்கு எங்கெங்கே ஆலை இருக்கிறதோ அத்தனைக்கும் தலைமை. அந்தப் பதவிக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று அறைக் கதவில் இருந்தது, எனக்குச் சொல்ல வராது. மெட்ராஸ் ஆபீசுக்குத் தினமும் அனுப்பம்பட்டில் ரயில் ஏறிப் போய் வந்தாள். அவளுக்குக் கீழே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் அவளைவிட அதிகம் படித்த வடநாட்டுப் பிள்ளைகள். அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்கள்.

ஒரு முறை அவள் மறந்து வைத்த சாப்பாட்டை ஆலைக்குக் கொண்டுபோனேன். அன்றைக்குத் தண்ணீர் இழுக்கிற இடத்தில் இருந்த தடுப்பு வலையின் கண்ணி வழியாக இறால் குஞ்சு உள்ளே இழுபட்டுச் சாகிறது என்று பம்புகளை நிறுத்தச் சொல்லியிருந்தாள். ஆலை மேலாளர் வாசலில் நின்றே கத்திக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் தெரியுமா என்கிறார். இவள் தலையில் ஹெல்மெட்டோடு கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும், "கண்ணி சின்னதா இருக்கிற வலை போடுங்க சார். போட்டதும் ஓட்டலாம்" என்றாள். குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. அவர் மறுபடியும் கத்தினார். இவள் மறுபடியும் அதையே சொன்னாள். நான் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. வலையும் மாற்றினார்கள்.

இதையெல்லாம் எழுதுவது ஏனென்றால், அவள் கம்பெனி சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவள் என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. கம்பெனியை எதிர்த்தே நின்றவள் என்று சொன்னாலும் சரியில்லை. உள்ளே இருந்துகொண்டு, ஒவ்வொன்றாக, கேட்டுக் கேட்டு மாற்றினாள். அப்படித்தான் அவள் வேலை செய்தாள்.

பிறகு கம்பெனி இரண்டாவது ஆலை கட்டத் திட்டம் போட்டது. அதன் சுடுதண்ணீரை எங்கள் ஏரியின் தெற்கு ஓடையில் விடுவதாக வரைபடம் வந்தது. குழாயைக் கடலுக்குள் நீட்டுங்கள் என்று இவள் எழுதிக் கொடுத்தாள். செலவு அதிகம் என்றார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அதற்காகவே ஒரு கூட்டம் விடாமல் போய் வந்தாள். கடைசியில், ஓடையில் விடுவதற்கு முன்னால் தண்ணீரை ஆற வைக்க ஒரு தொட்டி கட்டுவதாக ஒத்துக்கொண்டார்கள். "பாதி கெடச்சிது" என்றாள் என்னிடம். "மீதி?" என்று கேட்டேன். "மீதிக்கு இன்னும் வழி தெரியல" என்றாள்.

ஆலை கட்டுவதற்கு முன்னால் சர்க்கார் ஊர் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். அது சட்டம். கம்பெனி சார்பில் மேடையில் விளக்கம் சொல்வது சுற்றுச்சூழல் தலைமையின் வேலை. அதாவது உங்கள் அம்மாவின் வேலை.

இங்கே பாடு பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள், ஆனால் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஏரியில் இறால் வலை கட்டுகிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். நல்ல இடமும் உண்டு, ஒன்றுமில்லாத இடமும் உண்டு. யாருக்கு எந்த இடம், எந்த முறை என்பதை ஊர் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிக்கும். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆளும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு ஒவ்வொன்றுக்கும் குடத்தில் ஒரு சீட்டு. அம்மன் கோயில் முன்னால் பூசாரி கையை விட்டு எடுப்பார். விழுந்த சீட்டை மறுத்துப் பேசக்கூடாது. பேசினால் அந்த வருஷம் பாடு கிடையாது. இறாலுக்கு மட்டுமில்லை, ஊரில் எந்தச் சுமை வந்தாலும் குடம்தான். புயல் நிவாரண அரிசியை யார் போய்ச் சுமந்து வருவது என்பதற்கும் குடம்தான்.

கூட்டத்தில் ஊர் சார்பில் மூன்று பேர் பேசலாம் என்று ஊர்த் தலைவர் வந்து சொன்னார். யார் என்று சண்டை வராமலிருக்க வழக்கம்போலக் குடத்தைக் கொண்டுவந்தார்கள்.

என் பெயரை எடுத்துவிட்டுக் குலுக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். எங்கள் ஊரில் குடத்திலிருந்து ஒரு ஆளின் சீட்டை எடுப்பது இரண்டே காரணத்துக்குத்தான். ஒன்று, அவன் செத்திருக்க வேண்டும். இல்லை, ஊரை விட்டுத் தள்ளி வைத்திருக்க வேண்டும். எடுக்கட்டுமா என்று தலைவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்னை அவமானப்படுத்தியதாக ஆகும் என்று அவர் நினைத்தார். எடுத்துவிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷன் அதைத் தன் வாயால் எப்படிச் சொல்வது? ஆக, ஒருவரை ஒருவர் மதித்துக்கொண்டு எல்லோரும் சும்மா நின்றோம்.

மூன்றாவதாக என் சீட்டு விழுந்தது.

பிறகு என் தங்கச்சி புருஷன்தான் ஆரம்பித்தான். "மச்சான், நாளைலேர்ந்து எங்க வூட்டுக்கு வந்துடு. ஒரு தட்டு சேர்த்து வெக்கறோம்." எல்லோரும் சிரித்தார்கள். "இன்னாடா சிரிப்பு?" என்று தலைவர் அதட்டினார். பிறகு என்னிடம் வந்து, "ஆலை வேணாம்னு சொல்லணும்டா. அத எப்டி சொல்றியோ அது உன் இஷ்டம்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்ததா, பயம் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். எதுவும் வரவில்லை. வெகுநேரம் தண்ணீரில் நின்றால் கால் மரத்துப்போகும் பாருங்கள், அந்த மாதிரி இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் உங்கள் அம்மா கிணற்றடியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். ஊரில் விஷயம் அதற்குள் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. நிமிராமலே கேட்டாள்.

"இன்னா பேசப் போறீங்க?"

"தெர்ல."

"வேணாம்னு சொல்லிட்டு எறங்கிடுவீங்களா, கேள்வி கேப்பீங்களா?"

"கேட்டா இன்னா ஆவும்?"

"கேட்டா நான் பதில் சொல்லணும். யாரு கேட்டாலும் சொல்லணும். அங்க எல்லாத்தையும் வீடியோ எடுப்பாங்க." ஒரு நண்டைத் திருப்பிப் போட்டாள். "தெரிஞ்சதக் கேக்காதீங்க. தெரியாததக் கேளுங்க."

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. பேசி வைத்துக்கொண்டோம் என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சு முழுசும் இதுதான். பிறகு நண்டுக் குழம்பு சாப்பிட்டோம். தம்பி நண்டுக் கால் தனக்குத்தான் வேண்டும் என்று அழுதான்.

கூட்டம் திருப்பாலைவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில், பந்தல் போட்டு நடந்தது. மேடையில் கலெக்டர் ஆபீஸ் அதிகாரி, மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி, கம்பெனிக்காரர்கள். உங்கள் அம்மா ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலி. மாம்பழக் கலர் காட்டன் புடவை, கழுத்தில் கம்பெனி அட்டை. கீழே ஒரு பக்கம் நாங்கள், ஒரு பக்கம் உள்ளூர் விவசாயிகள், பின்னால் வேலை கிடைக்கும் என்று வந்த பையன்கள், சுற்றிலும் போலீஸ். கம்பெனி வைத்த மோர் பாக்கெட்டை யாரும் தொடக்கூடாது என்று தலைவர் சொல்லியிருந்தார். வெயில் ஏற ஏற ஒவ்வொருவராகத் தொட்டார்கள். தலைவரும் ஒன்று எடுத்தார்.

உங்கள் அம்மா எழுந்து திட்டத்தை விளக்கினாள். தமிழில், நிறுத்தி, எல்லோருக்கும் புரிகிற மாதிரிதான் சொன்னாள். ஆற வைக்கிற தொட்டியைப் பற்றிச் சொன்னாள். அனுமதித்த அளவுக்குள்தான் சூடு இருக்கும் என்றாள். எங்கள் பக்கத்திலிருந்து கூச்சல் வந்தது. "உங்கப்பன் எந்த ஏரியில மீன் ஏலம் வுட்டான்?" என்று ஒருத்தன் கத்தினான். அவள் அவனைப் பார்த்து, "இதே ஏரிதான் அண்ணா" என்றுவிட்டு மீதியைச் சொன்னாள்.

எங்கள் ஊரின் முதல் இரண்டு பேர் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள், கை தட்டினார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

மைக் முன்னால் போய் நின்றதும் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மேடம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் கூப்பிடுகிற மாதிரி இந்தாம்மே என்று சொல்ல முடியுமா? நான் நிற்பதைப் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு பையன், "அண்ணாத்தே, இன்னிக்கி ராத்திரி இன்னா கொழம்புன்னு கேளு!" என்றான். பந்தல் முழுக்கச் சிரித்தது. போலீஸ்காரர்கூடச் சிரித்தார். விஷயம் தெரியாத கலெக்டர் ஆபீஸ் அதிகாரி, "இவர் யாரு? சீக்கிரம் பேசச் சொல்லுங்க" என்றார். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எதுவும் இல்லை.

நான் யார் பெயரையும் சொல்லாமல் கேட்டேன். "தொட்டி கட்டி ஆற வெச்சே விடுங்க. அந்தத் தண்ணி ஓடையில வந்து சேந்துச்சின்னா, தெக்கால இருக்கற எங்க பாடு எடத்துல எறா நிக்குமா, நிக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு அது உண்மையாகவே தெரியாது. எங்கள் ஊரில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. போய்விடும் என்று பயந்தோம், அவ்வளவுதான்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனிக்காரர் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அளவுக்குள்தான் இருக்கும் என்று மறுபடி சொல்லிவிடுங்கள் என்றாராம், பிறகு தெரிந்தது. சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நிக்காது" என்றாள். "தெற்குப் பக்கம் நிக்காது. வடக்குப் பக்கம் பெரிய வித்தியாசம் இருக்காது. குழாயைக் கடலுக்குள்ள கொண்டுபோனா ரெண்டு பக்கமும் நிக்கும். அப்படித்தான் செய்யணும்னு கம்பெனிக்கு நான் எழுதிக் குடுத்திருக்கேன். இங்கயும் சொல்றேன், இதையும் பதிவு பண்ணிக்குங்க."

அவள் சொன்னது எங்களுக்குச் சாதகம் என்று எங்கள் ஆட்களுக்கே புரிய நேரமானது. அதிகாரி, "திருப்பிச் சொல்லுங்கம்மா" என்றார். அவள் ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் சத்தம் கிளம்பியது. எங்கள் பக்கத்திலிருந்து விசில். வேலை கேட்டு வந்த பையன்கள் பக்கத்திலிருந்து ஒரு நாற்காலி பறந்தது. நான் வேணாம் என்று சொல்ல மறந்து இறங்கிவிட்டேன்.

அவள் கம்பெனிக் காரில் போனாள். நான் ஊர் வேனில் வந்தேன். வேனில் என்னைத் தோளில் தட்டினார்கள். சாயங்காலம் அவள் வந்து, குளித்து, தோசை ஊற்றினாள்.

"சட்னியில உப்பு சரியா கீதா?"

"சரியா கீது."

கம்பெனி அவளைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று பிறகு பல நாள் நினைத்தேன். யாரும் திட்டவில்லை. வேலையை விட்டு நீக்கவும் இல்லை. எல்லார் முன்னாலும் பதிவான விஷயம், நீக்கினால் பேப்பரில் வரும். அவளுக்குக் கீழே இருந்தவர்களை வேறொருவருக்குக் கீழே மாற்றினார்கள். கூட்டங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவள் வழக்கம்போல ரயில் ஏறிப் போய், அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். "இன்னிக்கி இன்னா வேல?" என்று ஒரு நாள் கேட்டேன். "ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் கீது. அதைப் பாத்தேன்" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. நானும் ஆறுதல் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தெரியும். உள்ளே எதுவும் அசையவில்லை.

குழாயைக் கடலுக்குள் கொண்டுபோனால்தான் அனுமதி என்று சர்க்கார் உத்தரவு வந்தது. கம்பெனி திட்டத்தை மூட்டை கட்டி வைத்தது. எத்தனை காலத்துக்கு என்று தெரியாது. வேலை போச்சே என்று சில பையன்கள் இன்றைக்கும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

அடுத்த பாடு குலுக்கும்போது தலைவர், குலுக்காமலே தெற்கில் நல்ல இடம் ஒன்றை நம் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றார். மரியாதைக்குத்தான் சொன்னார். அப்போதுதான் பந்தியில் சிரித்த அந்தப் பெரியப்பா முதல் முதலாக நாடகம் என்ற பேச்சை எடுத்தார். "அப்ப கூலி பேசித்தான் ஆடினாங்களா?" என்றார். குடத்தில் என் சீட்டைப் போடுங்கள் என்று சொன்னேன். போட்டார்கள். அந்த வருஷம் வடக்கில் ஒன்றுமில்லாத ஒரு இடம் விழுந்தது.

பாப்பா, நாடகமாக இருந்தால் நான் என்ன கேட்பேன் என்று அவளுக்கும், அவள் என்ன சொல்வாள் என்று எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் தெரியாது. ஊரைக் காப்பாற்றினாள் என்பதும் பெரிய வார்த்தை. நான் சொல்வது இதுதான். எனக்குச் சீட்டு விழுந்தது, நான் எழுந்து நின்றேன். நிற்காமலிருக்க எனக்கு வழியில்லை. அவளுக்கு எந்தச் சீட்டும் விழவில்லை. அளவுக்குள்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, இன்றைக்கும் அனுப்பம்பட்டில் ரயில் ஏறி, சாயங்காலம் உங்களுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்திருக்கலாம்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். விசாகப்பட்டினம் பக்கத்தில் வேறொரு கம்பெனி அவளைக் கூப்பிட்டது. அதே மாதிரி பதவி, இன்னும் நிறையப் பேர் அவளுக்குக் கீழே. தெலுங்கு நமக்கு அரைகுறையாவது வருமே, போய்ச் சேர்ந்தாள். மாதத்துக்கு ஒரு தடவை வருகிறாள். தம்பி ஆரம்பத்தில் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான், இப்போது உட்காருவதில்லை.

போன தடவை வந்தபோது, அங்கேயும் ஒரு மீனவ ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் வருகிறது என்றாள். நீங்கள் இருவரும் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"அங்கயும் ஓடைதானா?"

"ஓடைதான். பாதி கெடச்சிருக்கு. மீதிக்குக் கேட்டுக்கினு இருக்கேன்."

"கூட்டத்துல யாராச்சும் கேட்டா?"

"கேட்டா சொல்லணும்." ஒரு வாய் சாப்பிட்டாள். "ஊரைப் பாக்கப் போயிருந்தேன். முன்னாடி ஒரு ஆளு மொறச்சிக்கினே உக்காந்துனு இருந்தாரு. அவர்தான் கேப்பாருன்னு தோணுது. எவ புருஷனோ."

அவள் சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

மறுநாள் காலையில் வடக்கே போகிற வண்டியில் ஏற்றிவிடச் சூலூர்பேட்டை ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி வரும் வரை அவள் பையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்ததும் ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்றபடி கை காட்டினாள். நானும் காட்டினேன்.